ஸ்பேனர் யார் கையில் இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சென்ற வாரம் வெளியான கடிதம் ஒன்றில், மெக்கானிக்கிடம் இரண்டு முறை ஏமாந்ததாகச் சொல்லும் அன்பர் ஒருவர், இனி இரு சக்கர வாகனத்தின் எல்லாப் பழுதுகளையும் அவரவர் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி என்றும், கைப்பேசியில் காணொளியைப் பார்த்துக்கொண்டே எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்றும் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. அவர் கண்டுள்ள தீர்வுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்று, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் நான், பதினேழு ஆண்டுகளாக ஒரே 100 சிசி பைக்கை ஓட்டி வருகிறேன். அந்தக் காலத்தின் முற்பாதியில் வண்டியில் எதையும் தொட்டதில்லை. பிற்பாதியில் எதையும் தொடாமல் விட்டதில்லை. இரண்டுக்கும் விலை கொடுத்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நானே கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் ஆயிலை நானே மாற்றுவது என்று தீர்மானித்தேன். காணொளியில் ஓர் இளைஞர் பத்து நிமிடங்களில் அதை முடித்திருந்தார். எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, பழையதை வடித்து, புதிய ஆயிலை ஊற்றியது வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடைசியில் போல்ட்டை இறுக்கும்போது, ஆயில் கசிந்துவிடுமோ என்ற பயத்தில், ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புப் பைப்பைச் சொருகி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினேன். கெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த போல்ட் திடீரென்று வெண்ணெய்க்குள் சுற்றுவதுபோல் இலகுவாகிவிட்டது. போல்ட் இரும்பு, அது ஏறும் எஞ்சின் அடிப்பாகமோ அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது எது என்று சொல்லத் தேவையில்லை. போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் திருகு வரிகளான மரை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனபோது அவர் சிரிக்கவில்லை. "ஸ்பேனருக்குப் பைப் போட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு லேத் பட்டறையில் கொடுத்துப் புதிதாக மரை போட்டு வாங்க இரண்டு நாள்கள் ஆயின. கூலி 120 ரூபாயை மிச்சப்படுத்தப் புறப்பட்டவன் 1,400 ரூபாயைக் கட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு உற்பத்தியாளர் ஓர் அளவு வைத்திருக்கிறார் என்பதும், அதை அளந்து முறுக்க டார்க் ரெஞ்ச் என்ற கருவி உண்டு என்பதும், அனுபவமுள்ள மெக்கானிக்கின் மணிக்கட்டே அந்தக் கருவியாகிவிடுகிறது என்பதும் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தன. காணொளியில் கையைப் பார்க்கலாம். கை உணர்வதைப் பார்க்க முடியாது.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு வேலையில் நான் தவறு செய்தால் வண்டி ஓடாமல் நின்றுவிடும் என்றால், அந்த வேலையை நான் செய்வேன். நான் தவறு செய்தால் வண்டி நிற்காமல் ஓடிவிடும் என்றால், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். இந்தக் கணக்கில் கூலி, நேரம், ஆர்வம் ஆகியவையெல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன.

கடலோர ஊரில் இருப்பவருக்குத் தாமே செய்துகொள்ள வேண்டிய வேலைக்குப் பஞ்சமே இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கூடை ஏற்றிச் செல்லும் மொபெட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; கூடையிலிருந்து சொட்டும் உப்புநீர் பட்ட இடமெல்லாம், வண்டி வாங்கி இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் துரு ஏறிவிடுகிறது. கூடையே ஏற்றாத வண்டிக்கும் கடற்காற்று இருக்கிறது. அந்த ஈரத்தில் உள்ள உப்பு இரும்பின் மீது படிந்து, துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகிறது. செயின், சைலன்சர், கேபிள்களின் முனைகள், பாட்டரி முனைகள் ஆகியவை முதலில் அடிபடும். இதற்கு மருந்து மெக்கானிக்கிடம் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவித் துடைக்கும் உரிமையாளரிடம்தான் இருக்கிறது. செயினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்து, உலர்ந்த பின் 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிடுவதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, ஆட்டம் ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன். ஆனால் செயினை இழுத்து முறுக்குவதற்குப் பின்சக்கரத்தின் அச்சு நட்டைத் தளர்த்த வேண்டும் என்பதால், மேலே சொன்ன கணக்கின்படி அந்த வேலை ஷெட்டுக்குப் போய்விடும். இதைச் சோம்பேறித்தனம் என்று என் மகள் கேலி செய்வாள்.

காற்றழுத்தத்தை வெயில் ஏறுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்த மானியால் பார்ப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது, கிளட்ச் லீவரில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை தளர்வு இருக்கும்படி கேபிளைத் திருத்துவது, பல்பு மாற்றுவது ஆகியவற்றை யாரும் செய்யலாம். ஏர் ஃபில்டரில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பஞ்சு வகை ஃபில்டரைக் கழுவலாம். எண்ணெய் பூசிய காகித வகை ஃபில்டரைக் கழுவவும் கூடாது, காற்றடித்து ஊதவும் கூடாது. அதற்குரிய கிலோமீட்டர் வந்ததும் மாற்றத்தான் வேண்டும். தூசு போக ஊதிவிட்டேன் என்று பெருமையுடன் சொல்லும் நண்பர்கள் எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்.

பிரேக்கின் பக்கம் நான் போவதில்லை. டிரம் பிரேக்கில், சக்கரத்தின் உட்புறத்தில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூ என்ற பட்டையை விரிக்கும் கேம் என்ற உலோகத் துண்டின் மீது சிறிதளவு கிரீஸ் வைக்க வேண்டும். அந்தச் சிறிதளவு கொஞ்சம் பெரிதளவாகிவிட்டால், சூட்டில் உருகி ஷூவின் மீதே ஓடிவிடும். அது தெரியவருவது செம்மண்டலம் சந்திப்பில் எதிரே பேருந்து வரும்போதாக இருக்கும். டிஸ்க் பிரேக்கில் ஊற்றும் திரவமோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்குகிறது. தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது உள்ளே ஆவி உண்டாகி, லீவர் பஞ்சைப்போல் அமுங்கிவிடும். நம்மைப் போன்ற கடலோர ஊர்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. மாற்றும்போது குழாயில் ஒரு குமிழ்கூடத் தங்கக் கூடாது என்பதால், அதை நூறு முறை செய்தவர் செய்வதே நல்லது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புதிய இரு சக்கர வாகனங்களுக்கு இரு சக்கரப் பிரேக்கும் இணைந்து இயங்கும் சிபிஎஸ் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்போ கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பழைய வண்டியில் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு இவற்றைத் திருகிப் பார்க்க முடியாது.

இனி, அன்பர் ஏமாந்த விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஏமாந்திருக்கிறேன். வேறொரு கடையில் ஒருமுறை செயினும் இரண்டு பல்சக்கரங்களும் சேர்ந்த செட்டை மாற்றியதாகப் பணம் வாங்கிவிட்டு, செயினை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தேய்ந்த பல்சக்கரத்தின் பற்கள் அரிவாள் முனைபோல ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அதன் மீது புதிய செயினைப் போட்டால், அது செயினையும் சீக்கிரமே தின்றுவிடும். இது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் அந்தக் கடைக்காரரின் முதலீடு. நான்கே மாதங்களில் செயின் மறுபடியும் தளர்ந்தபோது இப்போதைய மெக்கானிக்கிடம் போனேன். மூடியைக் கழற்றிப் பற்களைக் காட்டி, இவை வண்டியுடன் வந்த பற்கள் என்றார். அதாவது, கற்றுக்கொள்வது எல்லாவற்றையும் நாமே செய்வதற்காக மட்டுமல்ல. செய்ததாகச் சொல்லப்படுவதைப் பார்த்தறியவும் அது வேண்டியிருக்கிறது. அன்பர் காணொளி பார்க்கும் நேரத்தை இந்த வழியில் செலவிட்டால் அவருக்குக் கோபம் குறையும் என்று நினைக்கிறேன்.

கழற்றிய பழைய உதிரிபாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல மெக்கானிக், கேட்பதற்கு முன்பே அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். பில் கேட்பதும் அப்படித்தான். பில் இருந்தால்தான், பின்னர் தகராறு என்று வரும்போது தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் பேச ஏதேனும் இருக்கும். ஆனால் எனக்கு இப்போதைய மெக்கானிக்கிடம் நம்பிக்கை வந்தது பில்லினால் அல்ல. சென்ற ஆண்டு பின்பக்க டயரை மாற்றிவிடலாம் என்று நானே போய்க் கேட்டபோது, அதன் பள்ளங்களை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த மழைக்காலம் தாங்கும், தை பிறந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்பவர், வேண்டும் என்று சொல்லும்போது நம்பலாம். இன்னொரு முறை, மகளின் ஸ்கூட்டரில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, இது தமக்குத் தெரியாத வேலை, கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போய்விடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மெக்கானிக் அரிதானவர். டாக்டர்களைப் பற்றியும் இதையே சொல்வார்கள்.

அவருடைய மதிப்பு முழுவதுமாக எனக்குத் தெரிந்தது 2024-ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலின்போது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை ஆறு கரைபுரண்டு, ஆற்றை ஒட்டிய ஊர்களுக்குள் புகுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குண்டு உப்பலவாடியில் என் தங்கை வீட்டு வாசலில் நின்ற பைக் சீட்டு வரை மூழ்கிவிட்டது. வெள்ளம் வடிந்த அன்று தங்கையின் கணவர் ஸ்டார்ட் செய்து பார்க்கப் புறப்பட்டார். நல்லவேளையாக முதலில் என்னை அழைத்தார். நான் மெக்கானிக்கை அழைத்தேன். அவருடைய ஷெட்டுக்குள்ளேயே முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றுகொண்டிருந்த நேரம் அது. "சாவியே போட வேணாம்னு சொல்லுங்க சார், கிக்கரையும் மிதிக்க வேணாம். நான் வர்றேன்" என்றார்.

காரணத்தைப் பிறகு விளக்கினார். காற்றை அழுத்தினால் சுருங்கும். தண்ணீரை அழுத்தினால் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்டரை அழுத்தினால், மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதே தெருவில் பொறுமையில்லாத ஒருவர் செல்ஃப் பொத்தானை அழுத்தியதன் விளைவாக எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று. எங்கள் மெக்கானிக் இரண்டு நாள்கள் கழித்து வந்து, பாட்டரி இணைப்பைத் துண்டித்து, பிளக்கைக் கழற்றி, அதன் துளை வழியாகத் தண்ணீர் வெளியேறும்படி கிக்கரை மெதுவாகக் கையாலேயே அழுத்தினார். எஞ்சினிலிருந்து வடித்த ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் போகும் வரை மூன்று முறை புதிய ஆயில் ஊற்றி, சற்று ஓடவிட்டு, மீண்டும் வடித்தார். பெட்ரோல் டாங்கையும் காலி செய்தார். ஆயிலுக்கும் கூலிக்கும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அந்த வண்டி பிழைத்தது. இதில் கழற்றி மாட்டும் திறமை என்று பார்த்தால் எனக்கும் இருக்கக்கூடிய அளவுதான். எதைத் தொடக் கூடாது என்பது தெரிந்திருந்ததற்குத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம்.

அதற்காக, எல்லாவற்றையும் தொலைபேசியில் அவரிடம் கேட்டே வாழ்ந்துவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். என் மகள் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறாள். ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேல், தவளக்குப்பத்துக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் இடையில் டீ குடிக்க நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. திறந்திருந்த ஒரே கடையில் இருந்தவர், அவளிடம் பேசாமல், வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்றாராம். இப்போதைய ஸ்கூட்டர்களில் பக்க ஸ்டாண்டு கீழே இருந்தால் எஞ்சின் இயங்காதபடி ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள்; சேறு அடைத்துக்கொண்டால், ஸ்டாண்டை மடக்கினாலும் அது மடக்கியதாக வண்டிக்குத் தெரியாது. குடிநீர் பாட்டிலில் இருந்த தண்ணீரை அதன் மீது ஊற்றி, ஸ்டாண்டை நாலைந்து முறை மடக்கி விரித்ததும் வண்டி கிளம்பிவிட்டது. முந்தைய மாதம் ஷெட்டில் நின்று பார்த்ததை அவள் நினைவில் வைத்திருந்தாள். பெண்கள் வண்டியைக் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் காத்திருக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கவும் கேட்கவும் வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். பார்க்கவிடாத ஷெட்டுக்கு இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

புதிய வண்டி வாங்கியவர்களுக்கு இந்த விவாதமே எழாது. வாரண்டி காலத்தில் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்குப் போகாவிட்டால், நாளை வாரண்டி கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள்.

சிக்கல் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதிமுறை நடைமுறைக்கு வந்ததால், நம் மெக்கானிக்குகள் காதால் கேட்டே திருத்திய, பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் புதிய பைக்குகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்திருக்கும் எரிபொருள் பீய்ச்சும் அமைப்பைச் சென்சார்களும் ஒரு சிறு கணினியும் இயக்குகின்றன. கோளாறு எது என்று அந்தக் கணினியிடம் கேட்க ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் சொல்லும் எண்ணுக்குப் பொருள் தெரிய நிறுவனத்தின் குறிப்பேடு வேண்டும். இவை ஷெட்டுக்கு எளிதில் கிடைப்பதில்லை. கார்களின் விஷயத்தில் இதே வழக்கு ஒருமுறை எழுந்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பின்னர் 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. இதைச் சொல்லும்போது எங்கள் மெக்கானிக், தமக்கு வேண்டியது இணையதளம் அல்ல, ஸ்கேனர்தான் என்றார். மறுக்க முடியவில்லை. நம்பிக்கையான மெக்கானிக்கா, சொந்தக் கையா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கும் வேளையில், இரண்டு பேரிடமிருந்தும் வண்டி மெல்ல மெல்லக் கைநழுவிக்கொண்டிருக்கிறது என்பதையும் அன்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதன் பொருட்டு மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். கடலூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், பத்து, இருபது ஆண்டுகளாக ஷெட் நடத்துபவர்களுக்காகப் புதிய வண்டிகளின் மின்னணு அமைப்பு குறித்த மாலைநேரக் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை ஏற்பாடு செய்யலாம். பகலில் கடையை மூடிவிட்டு வகுப்புக்கு வரும் நிலையில் அவர்கள் இல்லை.

மாநகராட்சிக்கும் ஒரு சொல். வீட்டிலேயே ஆயில் மாற்றச் சொல்லும் எந்தக் காணொளியும் வடித்த ஆயிலை என்ன செய்வது என்று சொல்வதில்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய எஞ்சின் ஆயில் அபாயகரமான கழிவு. நம் தெருக்களில் அது சாக்கடை வழியாகக் கெடிலம் ஆற்றுக்கும் உப்பனாற்றுக்கும் போகிறது, அல்லது கறையான் அரிக்காமலிருக்க மரச்சட்டத்தில் பூசப்படுகிறது. நான் ஒரு பழைய கேனில் சேர்த்து ஷெட்டில் கொடுத்துவிடுகிறேன்; அங்கே மொத்தமாக எடுத்துப்போக ஆள் வருகிறார். எல்லோருக்கும் அப்படி ஒரு ஷெட் அமையாது. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த கடலூர், வார்டு தோறும் குப்பை வாங்குவதுபோல மாதம் ஒருமுறை இதையும் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடிதம் எழுதிய அன்பர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. கடலூர்ப் பக்கம் இருப்பவரானால் எங்கள் மெக்கானிக்கின் ஷெட்டுக்கு அவரை அழைத்துச் செல்லத் தயாராக இருக்கிறேன். காலை பத்து மணிக்கு முன் போனால் உட்கார ஸ்டூல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.